ஸ்டேப்ளர் போட்ட பக்கங்கள்

நியமன ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு இந்த வருடம் பள்ளிக்கூடங்களுக்குள் நுழைந்திருக்கும் உங்களுக்குப் பாடம் நடத்தக் கற்றுத்தர எனக்கு ஆசையில்லை. உங்களுக்கு அது தெரியும். தெரியாததைப் பிள்ளைகளே சொல்லித்தருவார்கள். நான் செய்த ஒரு தப்பை மட்டும் சொல்கிறேன். கோபத்தில் செய்ததல்ல, சோம்பலில் செய்ததுமல்ல. பிள்ளைகள் மேலிருந்த பாசத்தில் செய்தேன். அதனால்தான் பல வருடம் அது தப்பு என்றே எனக்குத் தெரியவில்லை.

செங்கல்பட்டில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றத்தில் பாதிக் கூட்டம் இறங்கிய பிறகு ஜன்னலோரம் இடம் கிடைத்து, முகத்தில் உப்புக் காற்று ஒட்ட ஆரம்பிக்கும்போது எழுந்து நின்றால் எங்கள் பள்ளி வந்துவிடும். ஒரு பக்கம் புதுப்பட்டினம் மார்க்கெட். இன்னொரு பக்கம் அணுமின் நிலைய ஊழியர்களுக்காக மதில் கட்டிய டவுன்ஷிப். டவுன்ஷிப் பிள்ளைகளுக்கு அங்கேயே பள்ளி இருந்தது. அந்த வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவர்கள், மார்க்கெட்டில் மீன் வெட்டிக்கொடுப்பவர்கள், ஷேர் ஆட்டோ ஓட்டுபவர்கள், இவர்களுடைய பிள்ளைகள் எங்களிடம் வந்தார்கள்.

நான் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் நாங்கள் ஒரு பட்டியல் போடுவோம். 'மெல்லக் கற்போர்' என்று தலைப்பு. அதில் பெயர் ஏறிய பிள்ளைக்கு ஒல்லியான ஒரு கையேடு கொடுப்போம். வரைபடம், வட்டத்துக்குத் தொடுகோடு வரைவது, இன்னும் சில சுலபமான கணக்குகள். இதை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டால் முப்பத்தைந்து வந்துவிடும், பாஸ். மிச்சப் புத்தகத்தை அவர்கள் தொட வேண்டாம். அந்தப் பாடங்கள் நடக்கும்போது வராந்தாவில் உட்கார்ந்து கையேட்டைப் போடுவார்கள்.

தொட வேண்டாம் என்று சொன்னால் போதாது, மூடிவிட வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தந்தவர் ஒரு மூத்த ஆசிரியர். நல்ல மனிதர். தன் டிபன் பாக்ஸைத் தினமும் ஏதாவது ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு டீயோடு மதியத்தை ஓட்டியவர். "அந்தப் பக்கத்த எல்லாம் பார்த்தா பிள்ளைங்க பயந்துடுங்கம்மா. பயந்தா வர்றதும் வராது. கண்ணுல படாம பண்ணிடு" என்றார். அவர் செய்தபடியே நானும் செய்தேன். பட்டியல் பிள்ளைகளின் புத்தகங்களை வாங்கி, திரிகோணமிதி மாதிரியான கடினமான பாடங்களை மூன்று மூன்று தாளாகச் சேர்த்து, வெளி ஓரத்தின் நடுவில் ஒரு ஸ்டேப்ளர் பின் அடித்துவிடுவேன். டக், டக், டக். ஒவ்வொரு பின்னுக்கும் ஒரு பயத்தைக் குறைத்துவிட்ட திருப்தி.

நான் சொல்லவந்த வருடம் பட்டியலில் பதினொரு பேர். அதில் ஒருத்தி மோனிஷா.

ஜூன் மாதம், வகுப்பு தொடங்கிய முதல் வாரத்திலேயே அவள் மேசைக்கு வந்து நின்றாள். "மிஸ், பிளஸ் ஒன்ல எனக்கு மேத்ஸ் குரூப் குடுப்பாங்களா?"

"எதுக்குடி மேத்ஸ் குரூப்?"

"மத்த பாடத்துல ஏன்னு கேட்டா திட்டுறாங்க. கணக்குல மட்டும் ஏன்னு கேட்டா நீங்க போட்டுக் காட்டுறீங்க. அதான்."

சிரித்துக்கொண்டே, பார்க்கலாம் என்றேன். எங்கள் பள்ளியில் கணக்கில் அறுபதுக்குக் கீழே எடுத்தவர்களுக்கு அந்தப் பிரிவு கிடையாது. யாரும் எழுதிவைக்காத விதி, எல்லோருக்கும் தெரிந்த விதி. காலாண்டில் மோனிஷா இருபத்திரண்டு எடுத்தாள். நான் மதிப்பெண்ணைப் பார்த்தேன். வருகைப் பதிவேட்டைப் பார்க்கவில்லை. அவள் அம்மா காலை முறித்துக்கொண்டு படுத்திருந்த ஆறு வாரமும் அம்மாவுக்குப் பதிலாக டவுன்ஷிப் வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போனது இவள்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இருபத்திரண்டு என்ற எண் ஒரு பிள்ளையின் மூளையைச் சொல்கிறது என்று நினைத்துவிட்டேன். அது ஒரு கால் எலும்பைச் சொல்லியிருக்கிறது.

அவளுடைய புத்தகத்துக்கும் பின் அடித்தேன். மேத்ஸ் குரூப்பைப் பற்றி அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை. நானும் அதைக் கவனிக்கவில்லை.

பிப்ரவரியில் திருப்புதல் தேர்வு. விடைத்தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருத்திக்கொண்டிருந்தேன். மோனிஷாவின் தாளில் ஒரு ஐந்து மதிப்பெண் கணக்கு. ஐம்பது மீட்டர் உயரக் கலங்கரை விளக்கம், அதன் இரு பக்கமும் கடலில் இரண்டு படகுகள், உச்சியிலிருந்து கீழே பார்க்கும் கோணங்கள் முப்பது, நாற்பத்தைந்து என்று கொடுத்திருக்கும், படகுகளுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று கேள்வி. பாடப்புத்தகத்தில் உள்ள கணக்கு அப்படியே வந்திருந்தது. பின் அடித்த பாடத்தில் உள்ள கணக்கு.

அவள் அதைப் போட்டிருந்தாள். முதல் வரி புத்தகத்தில் இருக்கிற மாதிரியே. கடைசி வரியும் அப்படியே, 136.6 மீட்டர், சரியான விடை. நடுவில் மட்டும் புத்தகத்தில் இல்லாத ஏதோ ஒன்று. கலங்கரை விளக்கத்துக்கு அடியில், தண்ணீருக்குள், தலைகீழாக இன்னொரு கலங்கரை விளக்கம் வரைந்திருந்தாள். சுற்றிலும் கோடுகள், அறுபது அறுபது என்று எண்கள். tan எங்கேயும் இல்லை.

அவளுக்கு நடத்தாத பாடம். மூடிவைத்த பக்கம். பட்டியலில் இருக்கும் பிள்ளை. விடை மட்டும் சரி. எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தலைகீழ் விளக்கத்தின் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்து, பூஜ்யம் போட்டு, பக்கத்தில் 'காப்பி' என்று எழுதினேன். மொத்தம் முப்பத்து மூன்று. ஃபெயில்.

மறுநாள் வகுப்பில் தாளைக் கொடுக்கும்போது எல்லோர் முன்னாலும் கேட்டேன். "யாரைப் பார்த்துடி எழுதின?"

"யாரையும் பாக்கல மிஸ்."

"அப்ப விடை ஆகாசத்துலேர்ந்து வந்துச்சா?"

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் தாளை நான்காக மடித்துப் பாவாடைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை அங்கேயே விசாரித்திருப்பேன். பிள்ளைகளின் மௌனத்தைக் குற்றத்தின் பக்கம் எழுதிக்கொள்ளும் பழக்கம் நமக்கு எப்படியோ வந்துவிடுகிறது. அதை நீங்கள் பழகிக்கொள்ளாதீர்கள்.

காப்பி என்றால் பெற்றோரை அழைக்க வேண்டும். மதியம் அவள் அம்மா வந்தார். வேலை வீட்டிலிருந்து நேராக வந்திருந்தார், புடவையின் கீழ்ப்பாதி ஈரம், நடையில் இன்னும் லேசான இழுப்பு. தலைமை ஆசிரியை அறையில் நாங்கள் நாலு பேர்.

"இன்னா மிஸ், காப்பி அடிச்சான்னு சொல்லி வுட்டீங்களாமே" என்றார் என்னைப் பார்த்து. "அடிச்சிருந்தா நாலு சாத்துங்க. நான் கேக்க மாட்டேன். ஆனா அவளுக்கு எதுக்கு மிஸ் காப்பி? எந்நேரமும் அந்த புக்க கண்ணுல சொருவிகினு கெடக்கறா."

"கண்ணுலயா?" என்றார் தலைமை ஆசிரியை.

"ஆமா மேடம். இப்டி சுருட்டி, பைனாகுலர் கணக்கா. எனக்கு பேஜாராப் பூட்ச்சு. கண்ணு தெரியலயோ இன்னாவோன்னு கண்ணாடிக் கடைக்கு இட்டுகினு போனேன். அவன் டெஸ்ட் பண்ணிட்டு, கண்ணு சூப்பரா கீது, வூட்டுக்குப் போன்னுட்டான்."

"மோனிஷா, புத்தகத்த எடு" என்றேன்.

எடுத்தாள். நான் அடித்த பின்கள் அத்தனையும் அப்படியே இருந்தன. ஒன்றுகூடத் தளரவில்லை.

"எப்படிப் பார்ப்பே, காட்டு."

பின் அடித்த மூன்று தாள்களை விரலால் உப்பவைத்தாள். வெளி ஓரத்தில் ஒரே ஒரு பின்தானே, மேலேயும் கீழேயும் தாள்கள் பிரிந்து இரண்டு வாய் திறந்தன. மேல் வாயில் ஒரு கண்ணை வைத்தாள். பிறகு புத்தகத்தைத் தலைகீழாக்கிக் கீழ் வாயில் வைத்தாள்.

"மேல கொஞ்சம் தெரியும் மிஸ். கீழ கொஞ்சம் தெரியும். நடுவுலதான் பின்னு அழுத்திகினு இருக்கும், தெரியாது."

"நடுவுல என்ன பண்ணுவே?"

"நானே போட்டுக்குவேன்."

கேள்வி மேலே இருக்கிறது, விடை கீழே இருக்கிறது, வழி நடுவில் மூடிக்கிடக்கிறது. அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை இந்தப் பெண் தினமும் அந்த இருட்டான நடுப்பகுதிக்குத் தானே ஒரு வழி போட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். சிலதில் விடை கிடைக்காது, மறுபடி போடுவாள். எனக்குத் தெரிந்த பள்ளிகளிலேயே மிகக் கடினமான கணக்கு வகுப்பு அந்தப் புத்தகத்துக்குள் நடந்திருக்கிறது, டீச்சர் இல்லாமல்.

மடித்துவைத்த தாளை வாங்கி விரித்தேன். என் சிவப்புக் கோட்டுக்கு அடியில் இருந்ததை அப்போதுதான் படித்தேன். தண்ணீருக்குள் தலைகீழாக ஒரு விளக்கம். மேல் உச்சியையும் கீழ் உச்சியையும் படகோடு சேர்த்தால் மூன்று கோணமும் அறுபது, மூன்று பக்கமும் சமம். அதில் பாதிதான் நமக்கு வேண்டியது. மிச்சத்தைப் பிதாகரஸ் பார்த்துக்கொள்வார். இன்னொரு பக்கப் படகுக்கு நாற்பத்தைந்து டிகிரி, அங்கே உயரமும் தூரமும் ஒன்று. முடிந்தது கணக்கு. tan தேவையே இல்லை.

"பின்னை எடுத்துட்டுப் பார்த்திருக்கலாமேம்மா" என்றேன்.

"நீங்க போட்டது மிஸ்" என்றாள்.

இந்த மூன்று சொற்களை நான் பிறகு எத்தனையோ நாள் பஸ்ஸில் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். நாம் மூடிய கதவைத் தட்டக்கூடாது என்று நம்புகிற அளவுக்குப் பிள்ளைகள் நம்மை மதிக்கிறார்கள். அந்த மதிப்பு பயமாக இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு வகுப்புக்குள் போங்கள்.

இந்த இடத்தில் இன்னொரு அசட்டுத்தனமும் செய்தேன். நெகிழ்ச்சியில் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, "கடலோரத்துப் பொண்ணு நீ. தண்ணியில விளக்கத்தோட நிழலைப் பார்த்து வளந்திருப்பே. உனக்கு இந்தக் கணக்கு வராம யாருக்கு வரும்" என்றேன்.

அவள் சங்கடமாக அம்மாவைப் பார்த்தாள். அம்மா சிரிப்பை அடக்கினார். "இன்னா மிஸ் நீங்க. இவங்கப்பா ஷேர் ஆட்டோ ஓட்டிகினு கீறாரு. கடல்ல கால நனைக்கக்கூட பயப்படுவாரு."

"கடல்ல நெழலே தெரியாது மிஸ்" என்றாள் மோனிஷா. "அலை அடிச்சுகினே இருக்கும்ல. எங்க தெருவுல மழைத் தண்ணி பத்து நாளு நின்னுச்சு. அதுல செல் டவரு தலைகீழா தெரிஞ்சுது. அத வச்சுதான் போட்டேன்."

தாழ்த்தும்போது மட்டும் நாம் தப்பு செய்வதில்லை, உயர்த்தும்போதும் செய்கிறோம். வடிகால் இல்லாத தெருவில் தேங்கிய தண்ணீரைப் பார்த்து அவள் யோசித்தது அவளுடைய யோசனை. அதை நான் கடலுக்கும் பரம்பரைக்கும் தூக்கிக் கொடுக்கப் பார்த்தேன். ஒரு பிள்ளைக்கு ஒன்று தெரிந்திருந்தால், எப்படித் தெரியும் என்று அந்தப் பிள்ளையையே கேளுங்கள். காரணத்தை நீங்கள் தைத்துப் போடாதீர்கள்.

அம்மா எழுந்தார். "வேலைக்கு நேரமாச்சு மேடம். காப்பி இல்லன்னு ஆயிட்ச்சு இல்ல? அத மிஸ் கிளாஸ்ல சொல்லணும். கிளாஸ்ல வச்சுதான கேட்டாங்க."

நியாயம். அதைவிட நியாயமான தீர்ப்பு எனக்குத் தெரியாது.

அவர்கள் போன பிறகு தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் சொல்லப்போவது அவருக்குத் தெரிந்திருந்தது.

"பதினொரு புத்தகத்தையும் பிரிச்சுடப் போறீங்க."

"ஆமா மேடம்."

"பொதுத்தேர்வுக்கு எத்தனை நாள் இருக்கு?"

"ஒரு மாசத்துக்குக் கொஞ்சம் மேல."

"இத்தனை நாள் கையேட்டைப் படிச்சதுங்க. இப்பப் போய் புதுசு புதுசாத் தொட்டு, வர்றதையும் விட்டுட்டா? ஒருத்தர் ஃபெயிலாப் போனாலும் மேலிடத்துக்கு விளக்கம் எழுதப்போறது நான். ஒருத்தரும் போகமாட்டாங்கன்னு உங்களால சொல்ல முடியுமா?"

சொல்லத்தான் ஆசை. அப்படி ஒரு வாக்குக் கொடுத்தால் அவர் சரி என்றிருப்பார். ஆனால் அன்று காலை ஒரு பொய்யை அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருந்தேன், இன்னொன்றுக்கு வாய் வரவில்லை. "முடியாது மேடம்" என்றேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வெளியே சத்துணவுத் தட்டுகளைக் கழுவும் சத்தம். "கையேட்டை விட்டுடாதீங்க. அதுவும் நடக்கட்டும். இதையும் திறந்து விடுங்க. சாயங்காலம் ஒரு மணி நேரம் நான் உட்கார்ந்துக்கறேன், நீங்க நடத்துங்க" என்றார்.

மறுநாள் முதல் பீரியட். கரும்பலகையில் கலங்கரை விளக்கத்தை வரைந்தேன். அதன் அடியில் தலைகீழாக இன்னொன்று. "நேத்து குடுத்ததுல ஒரு தாளை நான் தப்பாத் திருத்தியிருந்தேன். மோனிஷா யாரையும் பார்த்து எழுதல. நான் படிக்காமலே கோடு போட்டுட்டேன். தப்பு என்னோடது" என்றேன். பிறகு அந்தக் கணக்கை அவள் வழியில் போட்டுக் காட்டினேன். பின் வரிசையிலிருந்து ஒரு குரல், "மச்சி, தண்ணிக்குள்ள எல்லாம் போயி போட்டு வச்சிருக்கா." இந்த முறை அவளும் சிரித்தாள்.

பதினொரு பேரையும் புத்தகத்தை எடுக்கச் சொன்னேன். காம்பஸ் முனையால் ஒவ்வொரு பின்னாக நெம்பி எடுத்தார்கள். தினேஷ் என்று ஒருவன் மட்டும் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான்.

"எனக்கு இருக்கட்டும் மிஸ். பின்னு இருந்தாதான் தைரியமா கீது."

"எடுத்துடலாம்டா. படிக்கணும்னு இல்ல. திறந்து மட்டும் இருக்கட்டும்."

யோசித்துவிட்டு, "நீங்களே எடுங்க" என்று நீட்டினான். எடுத்தேன். நான் அடித்த பின், என் விரலில் குத்தியது. சரியாகத்தான் குத்தியது.

மோனிஷா அந்தப் பக்கத்தை முதல்முறையாக முழுசாகத் திறந்து நடுவைப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் எதையோ எதிர்பார்த்தேன். நிமிர்ந்து, "இவ்ளோதானா மிஸ்?" என்றாள். "ரெண்டே வரியில முடிச்சிட்டாங்க." கொஞ்சம் ஏமாந்த குரல்.

"இது குறுக்கு வழி. உன்னுது சுத்து வழி. ஆனா நீ போன வழியில என்னென்ன இருக்குன்னு உனக்குத் தெரியும்."

"குறுக்கு வழியையும் சொல்லிக்குடுங்க. டைம் பத்தாது."

சொல்லிக்கொடுத்தேன். அந்த நாட்களைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், உங்களுக்கும் அப்படி நாட்கள் வரும். சாயங்கால வெயில் மேசை மேலிருந்து தரைக்கு இறங்கி, தரையிலிருந்து வாசலுக்குப் போகும்வரை கணக்கு. எதிரே தலைமை ஆசிரியை ஏதோ பதிவேட்டை வைத்துக்கொண்டு, அதை எழுதாமல், கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு. எட்டு பேர் திறந்த பக்கங்களில் எதையாவது பிடித்துக்கொண்டார்கள். மூன்று பேர் கையேட்டோடு இருந்தார்கள். அவர்களைத் துரத்தவில்லை.

முடிவுகள் வந்தன. பத்து பேர் தேறினார்கள். ஒரு பெண் தவறினாள், பிறகு துணைத்தேர்வில் தேறினாள். பின்னை எடுத்ததால் தவறினாளா, எடுக்காவிட்டாலும் தவறியிருப்பாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாமலே இருப்பதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி. விளக்கக் கடிதத்தைத் தலைமை ஆசிரியையே எழுதினார். என் பெயரை அதில் சேர்க்கவில்லை, எனக்குக் காட்டவுமில்லை.

மோனிஷா ஐம்பத்தேழு. எழுதாத அந்த விதிக்கு மூன்று குறைவு.

பிளஸ் ஒன் சேர்க்கை மேசையில் நானும், மேல்வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் ஆசிரியர் ஒருவரும் உட்கார்ந்திருந்தோம். வரிசையில் மோனிஷாவும் அம்மாவும் வந்தார்கள். நான் வாயைத் திறக்கத் தயாராக இருந்தேன். ஆறு வாரம், கால் எலும்பு, நாலு மாதம் மூடிவைத்த புத்தகம், எல்லாவற்றையும் மனதில் வரிசையாக அடுக்கிவைத்திருந்தேன். அவர் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"ஐம்பத்தேழு. பிளஸ் ஒன் கணக்கு வேற மாதிரி இருக்கும்மா. கஷ்டப்படுவே."

"பட்டுக்கறேன் சார்" என்றாள்.

அவர் இன்னும் பேனாவை எடுக்கவில்லை. நான் அடுக்கிவைத்த எதையும் சொல்லவில்லை. அவள் பேசி முடித்துவிட்டாள், அதற்கு மேல் நான் பேசினால் அது இன்னொரு பின்.

விண்ணப்பத்தை வாங்கி அவர் புரட்டினார். கோரும் பிரிவு என்று அதில் ஒரு கட்டம் உண்டு. எங்கள் பள்ளிக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் அதைக் காலியாக விட்டுக் கொண்டுவருவார்கள். மதிப்பெண்ணைப் பார்த்து நாங்கள் நிரப்புவோம், அதுதான் வழக்கம். மோனிஷா அதில் மேத்ஸ் குரூப் என்று வீட்டிலேயே நிரப்பியிருந்தாள். பேனாவில், அழுத்தி, அடுத்த தாளிலும் தடம் விழுகிற மாதிரி.

அவர் அந்தக் கட்டத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.